முதுகில் கட்டியோடு பிறந்த பிள்ளைக்கு அடுத்தது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் மூத்த மகன் முதுகில் கட்டியோடு பிறந்தவன். ஃபைலில் ஸ்பைனா பிஃபிடா, அதாவது முதுகுப் பிளவு, என்று இருக்கும். அவனுக்குப் பிறகு பிறந்த மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அதனால் தருமபுரியில் பிசியோதெரபிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் இளம் தாய்மார்கள், "எப்படிக்கா தைரியமா அடுத்ததுக்குப் போனீங்க?" என்று என்னிடம் கேட்பார்கள். கேட்கும்போதே பலர் முழுகாமல் இருப்பார்கள். எங்கள் வீட்டில் அன்றைக்கு ஓடிய அதே பேச்சு, அதே தவறுகள் இன்னும் வீட்டுக்கு வீடு ஓடுகின்றன. கனம் தூக்காதே, நன்றாகச் சாப்பிடு என்பதெல்லாம் எல்லாரும் சொல்வதுதான். அதை விட்டுவிடுகிறேன்.

நாள் தள்ளிப்போன பிறகு ஃபோலிக் மாத்திரை தொடங்குவது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

போன பங்குனியில் பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். மடியில் இரண்டு வயதுப் பிள்ளை, முதுகில் ஆபரேஷன் தழும்பு. மூன்றாம் மாதம் என்றாள். ஃபோலிக் மாத்திரை எப்போது ஆரம்பித்தாய் என்று கேட்டேன். "நர்ஸம்மா பதிவு போட்ட அன்னைக்கே குடுத்துட்டாங்கக்கா. ஒருநாள்கூட விடல" என்றாள் சந்தோஷமாக. அவள்மேல் ஒரு தப்பும் இல்லை. முதல் பிள்ளைக்கு ஆபரேஷன் செய்த இடத்தில், அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே மாத்திரை வேண்டும் என்று யாரும் வாய் திறக்கவில்லை. வீட்டில் மாமியார், "முதல்ல தங்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றிருக்கிறார்.

கணக்கைப் பாருங்கள். கரு உருவாகி 28 நாளுக்குள், மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற குழாய் மூடிவிட வேண்டும். அது ஒழுங்காக மூடத்தான் இந்த ஃபோலிக் மாத்திரை. மூடாமல் விட்டுப்போன இடம்தான் பிள்ளை முதுகில் கட்டியாகத் தெரிகிறது. கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணினால் அது ஆறாவது வாரம். நாள் தள்ளியது தெரிவதே ஐந்தாவது வாரத்தில். இன்னும் பத்து நாள் பார்ப்போம் என்று இருந்து, கார்டு வாங்கிச் சோதித்து, நர்ஸிடம் பதிவு போட்டு, மாத்திரை கைக்கு வரும்போது ஏழு எட்டு வாரம் ஆகியிருக்கும். அந்தக் குழாயின் கதை அதற்குள் முடிந்துவிட்டது. அதன் பிறகு சாப்பிடுவது ரத்தத்துக்கு நல்லது, முதுகுக்கு உதவாது.

அளவும் நமக்கு வேறு. பொதுவாகச் சொல்வது நாளுக்கு 0.4 மில்லிகிராம். இப்படி ஒரு பிள்ளை பெற்றவர்களுக்கு 4 மில்லிகிராம். இங்கே கிடைப்பது 5 மில்லிகிராம் மாத்திரை என்பதால் டாக்டர்கள் அதையே எழுதுகிறார்கள். கருத்தரிக்க ஒரு மாதம் முன்பாவது தொடங்க வேண்டும், மூன்று மாதம் முன்பே என்றால் இன்னும் நல்லது. 12-ஆவது வாரம் வரை விடக் கூடாது. 1991-ல் வெளியான பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வில், நம்மைப் போன்ற தாய்மார்களுக்கு 4 மில்லிகிராம் கொடுத்ததில் மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது. முப்பது வருஷத்துக்கு மேலாகத் தெரிந்த விஷயம் காரிமங்கலத்துக்கும் அரூருக்கும் இன்னும் வந்து சேரவில்லை என்றால் எப்படிப் பொறுத்துக்கொள்வது?

களியும் முருங்கைக்கீரையும் போதும் என்பார்கள். நல்ல சாப்பாடுதான், சாப்பிடுங்கள். ஆனால் 4 மில்லிகிராம் எந்தக் கீரையிலிருந்தும் வராது. இன்னும் சிலர், அரசாங்கம் தரும் இரும்புச்சத்து மாத்திரையிலேயே ஃபோலிக் இருக்கிறதே என்று அதையே கூட்டிப் போடுகிறார்கள். அதில் இருப்பது 0.5 மில்லிகிராம். கணக்குச் சரியாக வர எட்டு பத்து மாத்திரை வேண்டும். அவ்வளவு இரும்பு உடம்புக்கு விஷம், செய்யவே கூடாது. வலிப்பு மாத்திரை, குறிப்பாக வால்புரோயேட் சாப்பிடுகிறவர்களும் சர்க்கரை உள்ளவர்களும் கர்ப்பத்துக்கு முன்பே டாக்டரைப் பாருங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

பென்னாகரத்துப் பெண்ணுக்கு ஸ்கேன் நல்லபடியாக வந்தது. மறுபடி வரும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டிலிருந்து ஐந்துக்குள்தான். ஆனால் அந்த ஸ்கேன் வரும்வரை அவள் பட்ட பாடு பாதியாவது குறைந்திருக்கும், யாராவது ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருந்தால்.

கிரகணத்தின் மேல் பழி போடுவது

சம்பந்தமே இல்லை.

'சொந்தத்தில் கட்டியதால்தான்' என்று முடிவுகட்டுவது

நம் பக்கம் அக்கா மகளைக் கட்டுவதும் மாமன் மகளைக் கட்டுவதும் சகஜம். அதனால் சில பரம்பரை நோய்கள் கூடும் என்பது உண்மை. தாய் தகப்பன் இருவரிடமும் வெளியே தெரியாமல் இருக்கும் மரபணுக் கோளாறு என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு, ஃபோலிக் மாத்திரை அதைத் தடுக்காது. ஆனால் முதுகுப் பிளவு பெரும்பாலும் அந்த வகை இல்லை. உதடுப் பிளவுக்கும் இதயத்தில் ஓட்டைக்கும் கணக்கு வேறு வேறு. அதனால் முதல் பிள்ளைக்கு இருப்பது என்ன என்று சரியான பெயரைக் கேட்டு வாங்குங்கள். மரபணு ஆலோசனைக்குப் பெங்களூரு வரை போகச் சொன்னால், முழுகாமல் இருப்பதற்கு முன்பே போய் வாருங்கள்.

பழைய ஃபைலை வீட்டில் வைத்துவிட்டுப் போவது

கையோடு கொண்டுபோங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மேலே இருக்கட்டும்.

ஸ்கேனைத் தள்ளிப்போடுவது

மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டாலும் ஸ்கேன் வேண்டும். உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன் 18-லிருந்து 20 வாரத்துக்குள். மூத்த பிள்ளைக்கு என்ன குறை என்பதைப் படுக்கும்போதே சொல்லிவிடுங்கள், தண்டுவடத்தை நின்று நிதானமாகப் பார்ப்பார்கள். ஆணா பெண்ணா பார்க்கப் போகிறாள் என்று ஊர் பேசுமோ எனப் பயந்து ஏழாம் மாதம் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். இது அந்த ஸ்கேன் இல்லை. 2021-ல் திருத்திய சட்டப்படி, 24 வாரம் தாண்டினால் கருவில் பெரிய குறை இருந்து, மருத்துவக் குழுவும் ஒப்புக்கொண்டால்தான் கலைக்க முடியும். வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு, யாரும் அவசரப்படுத்தக் கூடாது. யோசிக்க நாள் வேண்டுமென்றால் ஸ்கேன் அதன் நாளில் நடக்க வேண்டும்.

'இதாவது நல்லா பொறக்கட்டும்'

பெரியவன் காதில் விழுகிறது. சொல்கிறவர் யாராக இருந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள்.

மூத்த பிள்ளையின் வேலை தாய்க்கு மட்டும் தெரிந்திருப்பது

என் மகனுக்கு நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை டியூப் விட்டுச் சிறுநீர் எடுக்க வேண்டும். சோப்புப் போட்டுக் கை கழுவி, நுனியில் ஜெல்லி தடவி, மெதுவாக உள்ளே விட்டு, சிறுநீர் நின்றதும் டியூபைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து மிச்சத்தையும் எடுக்க வேண்டும். பார்க்க எளிது, முதல்முறை செய்கிறவருக்குக் கை நடுங்கும். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு வீட்டில், அம்மா சிசேரியன் ஆகிப் படுத்திருக்க, வீட்டில் இருந்த பாட்டிக்கு இது தெரியவில்லை. சிறுநீர் தேங்கி, காய்ச்சல் வந்து, பையனையும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியதாயிற்று. இது திரும்பத் திரும்ப வந்தால் கிட்னி போய்விடும்.

ஐந்தாம் மாதத்திலேயே கணவருக்கும் இன்னொருவருக்கும் பழக்கிவிடுங்கள், நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். தலையில் ஷன்ட் (மூளையில் தேங்கும் நீரை வடிக்கும் குழாய்) வைத்த பிள்ளை என்றால், வாந்தி, தலைவலி, எழுப்பினாலும் எழாத தூக்கம் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும் என்று பாட்டியிடமும் சொல்லி வையுங்கள்.