காணொளியைக் கேட்டு ஸ்பீக்கரை எடைபோடுவது எப்படி?

நாம் வாங்க நினைக்கும் ஸ்பீக்கர் சேலத்துக் கடைகளில் எப்போதும் பெட்டி பிரித்துக் கேட்கக் கிடைப்பதில்லை. அதற்காகக் கோவைக்கோ பெங்களூருக்கோ போய்வர எல்லோருக்கும் தோதுப்படாது. ஆகவே, யூடியூபில் வரும் ஒலிச் சோதனைக் காணொளிகளை நம்பியே பலர் பணத்தைக் கட்டுகிறார்கள். ஆனால் அந்த ஸ்பீக்கரின் ஒலி, பதிவு செய்த அறையையும் மைக்கையும் யூடியூபின் கோப்புச் சுருக்கத்தையும் கடந்து, கடைசியில் உங்கள் இயர்போன் வழியாகத்தான் காதுக்கு வந்து சேர்கிறது. எனவே, "கேட்க நன்றாக இருக்கிறதா?" என்பதை விட்டுவிட்டு, "மூலப் பாட்டிலிருந்து எவ்வளவு மாறியிருக்கிறது?" என்று கேட்கப் பழகுங்கள்.

படி 1: உங்கள் பக்கத்தைச் சரிசெய்யுங்கள்

செல்போனின் சொந்த ஸ்பீக்கரில் தாழ்ந்த சுருதி ஒலிகள் ஏறக்குறைய வருவதே இல்லை என்பதால், அதில் கேட்டு 'பேஸ்' பற்றித் தீர்ப்புச் சொல்வது வீண். நீங்கள் நன்கு பழகிய ஒரு வயர் இயர்போனை எடுத்துக்கொண்டு, ஈக்வலைசர், டால்பி போன்ற ஒலியை மாற்றும் வசதிகளை அணைத்துவிடுங்கள். யூடியூப் அமைப்புகளில் உள்ள 'ஸ்டேபிள் வால்யூம்' என்பதையும் அணைக்க வேண்டும்; அது உரத்த ஒலிக்கும் மெல்லொலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைத்துவிடுகிறது.

படி 2: காணொளியின் உள்விவரங்களைப் பாருங்கள்

கணினியில் காணொளியின்மேல் வலது கிளிக் செய்து, 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதைத் திறந்தால் ஒரு சிறு பட்டியல் தோன்றும். அதில் 'ஓபஸ்' (ஒலியைச் சுருக்கும் முறை) என்பதற்கு அருகில் 251 என்று இருந்தால், ஒலி நொடிக்குச் சுமார் 160 கிலோபிட் அளவில் வருகிறது என்று பொருள், இது போதுமானது. 249 அல்லது 250 என்று இருந்தால் ஒலி 50 முதல் 70 கிலோபிட் அளவுக்கு இறங்கியிருக்கிறது. ஏற்காட்டில் சிக்னல் மெலிந்த இடத்தில் இருப்பவர்கள் இந்த எண்ணைப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

அதே பட்டியலில் 'கன்டென்ட் லவுட்னெஸ்' என்று ஓர் எண் டெசிபலில் இருக்கும். யூடியூப் தான் வைத்திருக்கும் அளவைவிட (0) உரத்த காணொளியைக் குறைத்துவிடுகிறது, மெலிந்ததை உயர்த்துவதில்லை. ஆகவே, ஒன்று +2 என்றும் மற்றொன்று −6 என்றும் காட்டினால், முதலாவது 0-க்கு இறக்கப்படும், இரண்டாவது அதைவிட 6 டெசிபல் தாழ்ந்தே ஒலிக்கும். உரத்து ஒலிப்பதையே நம் காது தரமானதென்று எடுத்துக்கொள்வதாலும், ஒலி குறையும்போது பேஸ் இன்னும் கூடுதலாகக் குறைந்ததுபோலத் தோன்றுவதாலும் (பிளெட்ச்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் இதை 1933-லேயே அளந்து காட்டினார்கள்), வால்யூமைச் சமன்செய்யாத ஒப்பீட்டுக்கு மதிப்பே இல்லை.

படி 3: மூலத்தோடு ஒப்பிடுங்கள்

இதுதான் முக்கியமான வேலை. நேரத்தை இதற்கே ஒதுக்குங்கள். காணொளியில் ஒலிக்கும் அதே இசைப்பதிவை வேறொரு பிரௌசர் டேபில் திறந்து, பத்துப் பதினைந்து நொடிப் பகுதியை மாற்றி மாற்றிக் கேளுங்கள். நாதஸ்வரமும் தவிலும் உள்ள பதிவு கிடைத்தால் மிக நல்லது. தவிலின் வலந்தலையில் (வலப்பக்கத்தில்) விரல்கூடுகள் விழும் ஓசை மூலத்தில் ஒவ்வொன்றாகப் பிரிந்து கேட்கும். காணொளியில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக் குழைகின்றனவா என்று பாருங்கள். தொப்பியில் (தவிலின் இடப்பக்கத்தில்) குச்சி அடித்த பிறகு 'ம்ம்' என்று இழுத்தால், அது ஸ்பீக்கரின் குறையாகவோ பதிவு அறையின் குறையாகவோ இருக்கலாம். ஒரே அறையில், ஒரே இடத்தில், ஒரே மைக்கை வைத்து இரண்டு ஸ்பீக்கர்களைப் பதிவு செய்த காணொளியானால் அறை இரண்டுக்கும் பொது என்பதால், மிஞ்சும் வேறுபாட்டை ஓரளவு நம்பலாம். வெவ்வேறு ஆட்கள் எடுத்த காணொளிகளை எதிரெதிரே வைப்பது காலவிரயம் என்பது என் கருத்து.

மைக் விற்பனைக் காணொளிகள் மட்டும் விதிவிலக்கு. அங்கே பதிவான ஒலியே பொருளின் வேலை என்பதால், பின்னர் மெருகேற்றாதவரை கேட்பதை ஏற்கலாம். ஹெட்போன் காணொளிகளை அடியோடு ஒதுக்கிவிடுங்கள்.

படி 4: உங்கள் அறையைக் கணக்கில் எடுங்கள்

காணொளி எடுப்பவர் தரைவிரிப்பும் கனத்த திரைகளும் உள்ள அறையில் இருப்பார். அஸ்தம்பட்டியில் உள்ள உங்கள் ஹாலில் டைல்ஸ் தரையும் வெறுஞ்சுவரும்தான் இருக்கும். நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். உலோகம்போல ஓர் அதிர்வு பின்தொடர்ந்தால், காணொளியில் தெளிவாக ஒலித்த ஸ்பீக்கர் உங்கள் வீட்டில் காதைக் குத்தக்கூடும்.

இப்படி வடிகட்டி இரண்டு மாடல்களுக்கு வந்த பிறகு, திருப்பித் தர அனுமதிக்கும் விற்பனையாளரிடம் ஒன்றை வாங்கி, அதே பதினைந்து நொடிப் பகுதியை உங்கள் ஹாலில் ஒலிக்கவிட்டு, ஸ்பீக்கரைப் பின்சுவரிலிருந்து ஓரடி, இரண்டடி எனத் தள்ளி வைத்துக் கேளுங்கள். திருப்பித் தரும் கெடு முடியும்வரை அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம்.