வீட்டில் கிடைத்த நினைவு நாணயம்: என்ன காசு, என்ன விலை என்று நீங்களே பார்ப்பது எப்படி?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பாட்டியின் சுருக்குப்பையையோ பழைய டிரங்குப் பெட்டியையோ கொட்டினால் நாலைந்து விசித்திரமான காசுகளாவது விழும். உடனே வீட்டில் ஒருவர் "இது லட்சக்கணக்கில் போகுமாம், யூடியூபில் சொன்னான்" என்பார், இன்னொருவர் "செல்லாத காசு, தூக்கி உண்டியலில் போடு" என்பார். இரண்டு பேர் பேச்சையும் கேட்காதீர்கள். அது என்ன காசு என்று முதலில் தெரியட்டும், விலை அப்புறம்.

ஆரம்பிக்கும் முன் ஒன்று: தயவுசெய்து தேய்க்காதீர்கள். புளி, திருநீறு, பீதாம்பரி எதுவும் வேண்டாம். பளபளவென்று ஆக்கினால் நல்ல விலை வரும் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் தேய்த்த காசில் தெரியும் மெல்லிய கீறல்களைச் சேகரிப்பவர் லென்ஸ் வைத்த உடனே பார்த்துவிடுவார், விலை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். மண் ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரில் அலசி, துணியால் ஒற்றி எடுங்கள். போதும்.

படி 1: எழுத்தைப் படியுங்கள்

நினைவு நாணயம் என்றால் ஒரு தலைவர், ஒரு நிகழ்ச்சி, ஒரு நூற்றாண்டு என ஏதாவது ஒன்றைக் குறித்து வெளியிட்டது. இந்தியாவில் இதைத் தொடங்கிவைத்தது 1964-ல் வந்த நேரு காசு. பெயர் பெரும்பாலும் ஓரத்தில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும்.

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். மஞ்சள் நிற 20 பைசா காந்தி காசை எடுத்துக்கொள்ளுங்கள். காந்தியின் முகத்தோடு 1869–1948 என்று இருக்கும். 1869-ஐப் பார்த்ததும் விக்டோரியா ராணி காலத்துக் காசு என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அது அவர் பிறந்த வருடம், மறைந்த வருடம், அவ்வளவுதான். காசு வந்தது அவருடைய நூற்றாண்டான 1969-ல். நேருவின் 1889–1964, இந்திரா காந்தியின் 1917–1984 எல்லாமே இதே கதை. இப்படி இரண்டு வருடம் சேர்த்துப் போட்டிருந்தால் அச்சடித்த வருடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

படி 2: அளவு, எடை, காந்தம்

குறுக்களவை ஸ்கேலில் மில்லிமீட்டரில் பாருங்கள். எடைக்கு, தெரிந்த நகைக்கடையில் கேட்டால் தராசில் போட்டுத் தருவார்கள். அப்புறம் நுமிஸ்டா என்ற இலவசத் தளத்தில் நாடு, மதிப்பு, பெயர் கொடுத்துத் தேடி, அங்கே இருக்கும் எடையோடும் அளவோடும் ஒப்பிடுங்கள். உதாரணமாக இப்போதைய 10 ரூபாய் இரட்டை உலோகக் காசு 27 மி.மீ., 7.71 கிராம். உங்கள் காசு கிராம் கணக்கில் விலகினால் சந்தேகப்படலாம்.

காந்தத்தில் ஒட்டுவது எல்லாம் போலி என்று சொல்வார்கள், அது சரியில்லை. 1964 நேரு ரூபாய் நிக்கல், ஒட்டத்தான் செய்யும். வெள்ளி என்று சொல்லி விற்கிற காசு ஒட்டினால்தான் கையை எடுத்துவிட வேண்டும்.

படி 3: நாணயச்சாலைக் குறி

காசை எந்த நாணயச்சாலையில் அடித்தார்கள் என்று காட்டும் சின்னக் குறி இது. காசின் அடிப்பக்கத்தில், வருடம் இருந்தால் அதன் கீழே, பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். வைர வடிவம் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், வட்டப் புள்ளி நொய்டா, எதுவும் இல்லையென்றால் கொல்கத்தா. ஒரே காசு ஒரு நாணயச்சாலையில் குறைவாக அடித்திருந்தால் அந்தக் குறிக்கு மட்டும் விலை ஏறும்.

படி 4: விலை

முகத்தில் முடி இழைகள், சிங்கத்தின் பிடரி இதெல்லாம் கூர்மையாக இருக்கிறதா, வழுவழுவென்று தேய்ந்துவிட்டதா? புழங்கித் தேய்ந்த காந்தி 20 பைசாவுக்குப் பெரிய விலை கிடைக்காது. ஏராளமாக அடித்த காசு அது. ஆனால் அதே 1969-ல் வந்த 10 ரூபாய் காசை வேறு மாதிரி பார்க்க வேண்டும். 15 கிராம் எடை, 80 சதவீதம் வெள்ளி, அதாவது 12 கிராம் சுத்த வெள்ளி. நீங்கள் விற்கும் நாளில் ஒரு கிராம் வெள்ளி என்ன விலையோ அதால் பெருக்குங்கள், அதற்குக் கீழே யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

மற்ற காசுகளுக்கு, விற்பவர் இணையத்தில் போட்டிருக்கும் விலையைப் பார்க்கவே வேண்டாம், யார் வேண்டுமானாலும் பத்து லட்சம் என்று போடலாம். ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டச் சொல்லிப் பாருங்கள், ஏல நிறுவனங்கள் ஏலம் முடிந்து வெளியிடும் விலைப் பட்டியலையும் பாருங்கள். ஒரே தரத்தில் இருக்கும் நாலைந்து காசு என்ன விலைக்குப் போனதோ, அதுதான் உங்கள் காசின் விலை. வியாபாரி அதைவிடக் குறைத்துத்தான் கேட்பார், அவருக்கும் லாபம் வேண்டுமே.

வைஷ்ணவி தேவி படம் போட்ட 5, 10 ரூபாய்க்கு லட்சம் தருகிறோம் என்று போன் வந்து, "முதலில் பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்" என்றால் உடனே போனை வையுங்கள். பழைய காசு வாங்க விற்க எங்கள் பெயரைச் சொல்லிக் கமிஷன் கேட்பவர்களை நம்பாதீர்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. ராமர் பட்டாபிஷேகம் போட்டு 1818 என்று அடித்த கிழக்கிந்தியக் கம்பெனி "காசு" வந்தாலும் வாங்காதீர்கள், அப்படி ஒரு காசைக் கம்பெனி வெளியிடவே இல்லை.

கடைசியாக நம்ம ஊருக்கென்று ஒன்று. அந்தக் காலத்தில் பாரமகால் என்று அழைத்த இந்தத் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் 1792 வரை திப்பு சுல்தான் கையில் இருந்தது. அதனால் ஏர் ஓட்டும்போதோ கிணறு வெட்டும்போதோ பழைய காசுகள் குவியலாகக் கிடைத்தால் அதை மேலே சொன்ன மாதிரி விலை பார்க்கப் போகாதீர்கள். 1878-ம் வருடத்துப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். தாசில்தார் அலுவலகத்தில் சொன்னால் எப்படி எழுதிக் கொடுப்பது என்று கேட்டுக்கொள்ளலாம்.