டேட்டாபேஸ வெப்சைட்டோட கோத்த கதை

ஆபீஸ் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ்ல இருக்குற ஸ்டாக் விவரத்த வெப்சைட்ல காட்டணும்னாங்க, அரை நாள் வேலைதானேன்னு உக்காந்தேன், ரெண்டு நாள் போச்சு. அதே நெட்வொர்க்ல இருக்குற வெப் சர்வர்ல இருந்து கனெக்ட் பண்ணா கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டுன்னே வருது. பாஸ்வேர்ட நாலு தடவ மாத்திப் பாத்தேன் (பாஸ்வேர்ட் தப்புன்னா ஆக்சஸ் டினைடுன்னுல்ல வரும், அது அப்ப புத்திக்கு எட்டல). கடைசில பாத்தா கான்ஃபிக் ஃபைல்ல பைண்ட் அட்ரஸ் 127.0.0.1னு கெடக்கு, அதாவது அந்த மெஷின தவிர வேற எவன் தட்டினாலும் கதவு தெறக்காது. அத சர்வரோட உள் நெட்வொர்க் ஐபிக்கு மாத்தி, ரீஸ்டார்ட் பண்ணி, ஃபயர்வால்ல மைஎஸ்க்யூஎல் கேக்குற வாசலான 3306 போர்ட்ட வெப் சர்வர் ஐபிக்கு மட்டும் தெறந்துவிட்டேன்.

இப்ப ஆக்சஸ் டினைடு வந்துச்சு பாருங்க, டேட்டாபேஸ் வரைக்கும் போய்ச் சேந்துட்டோம்னு சந்தோஷமே வந்துருச்சு! யூசர லோக்கல்ஹோஸ்டுக்கு, அதாவது அந்த மெஷினுக்குள்ள இருந்து வர்றதுக்கு மட்டும் உருவாக்கி வச்சிருந்தாங்க. வெப் சர்வர் ஐபிக்குன்னு தனி யூசர் போட்டு, செலக்ட் உரிமை (டேட்டாவ படிக்க மட்டும்) குடுத்தேன், ஓடிருச்சு. எல்லா உரிமையும் இருக்குற ரூட் யூசர மட்டும் வெப்சைட்டுக்குக் குடுத்துராதீங்க.