கூட்டம் யாருக்கு ஊளையிடுகிறது? மல்யுத்த மேடையை வைத்து ஒரு சமூகத்தைப் படிக்கும் முறை

தொழில்முறை மல்யுத்தத்தில் யார் ஜெயிக்க வேண்டும் என்பது மேடையேறும் முன்பே முடிவாகிவிடும். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. 1989-இல் நியூ ஜெர்சி மாநில செனட்டிடம் டபிள்யூடபிள்யூஎஃப் (இன்றைய டபிள்யூடபிள்யூஇ) நிறுவனமே, இது மக்களை மகிழ்விக்கும் நிகழ்ச்சி, நிஜமான போட்டி அல்ல என்று சொல்லிவிட்டது. மாநில விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாடும் அதற்கான கட்டணமும் வேண்டாம் என்பதே நோக்கம். "எல்லாம் பொய்தானே" என்று அன்று முதல் பலரும் தள்ளிவைத்துவிட்டார்கள். ஆனால் அரங்கில் யாரும் எழுதித் தராத ஒன்று இருக்கிறது, அதுதான் கூட்டத்தின் குரல். ஆட்டங்களைத் திட்டமிடும் புக்கர் ஒருவரை நல்லவராக எழுதலாம்; கூட்டம் அவரை ஏற்கவில்லையென்றால் சில மாதங்களில் கதையை மாற்றியாக வேண்டும். எது நியாயம், எது துரோகம், யார் அந்நியர் என்று ஒரு சமூகம் வாய்விட்டுச் சொல்லும் இடம் அது. அதைப் படித்தெடுக்க வழி இருக்கிறது.

சில சொற்களைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். நல்லவர் பேபிஃபேஸ், கெட்டவர் ஹீல். ஹீல்மீது கூட்டம் கொள்ளும் கோபம் ஹீட். ஒருவர் வந்ததும் எழும் ஆரவாரம் பாப். திட்டமிட்டது வொர்க், திட்டத்தை மீறியது ஷூட். அடி வலிப்பதுபோலக் காட்டுவது செல்லிங், தரையில் விழுவது பம்ப். விழுவது நிஜமாக விழுவதுதான். பலகைமேல் மெல்லிய மெத்தையும் துணியும் மட்டுமே இருக்கும், அதன் கீழே இரும்புச் சட்டம். இதெல்லாம் நிஜம்தான் என்று ஆடுபவரும் பார்ப்பவரும் சேர்ந்து காப்பாற்றும் ஒப்பந்தத்துக்குப் பெயர் கேஃபேப்.

எதைப் பார்ப்பது

ஒரே ஒரு ஆட்டத்தை எடுத்தால் எதுவும் பிடிபடாது. ஒரு பெரிய ஆட்டம், அதற்கு முந்தைய ஆறு முதல் எட்டு வாரக் கதை, அதற்கு அடுத்த வார நிகழ்ச்சி என்று மூன்றும் வேண்டும். பயிற்சிக்கு மிகச் சிறந்தது 1997 மார்ச் 23 அன்று சிகாகோ அருகே நடந்த, அந்த நிறுவனத்தின் ஆண்டுப் பெருநிகழ்ச்சியான ரெஸில்மேனியா 13-இல் பிரெட் ஹார்ட்டும் ஸ்டீவ் ஆஸ்டினும் மோதிய ஆட்டம். ஏறக்குறைய 22 நிமிடம். நல்லவராக உள்ளே வந்தவர் கெட்டவராக வெளியே போனார். கெட்டவராக வந்தவர் நாயகனாகப் போனார். ஒரே ஆட்டத்தில் இருவரும் பக்கம் மாறி, அது இவ்வளவு சுத்தமாக அமைந்த வேறொரு ஆட்டத்தைச் சொல்வது கடினம்.

தவிர்க்க வேண்டியது 2020 மார்ச் முதல் 2021 கோடை வரையிலான டபிள்யூடபிள்யூஇ நிகழ்ச்சிகள். முதலில் கூட்டமே இல்லை. 2020 ஆகஸ்டுக்குப் பிறகு எல்இடி திரைகளில் ரசிகர் முகங்களை வைத்து, ஒலியைச் சேர்த்து ஒளிபரப்பினார்கள். நேரலையாக வராமல் முன்பே பதிவான நிகழ்ச்சிகளிலும் எச்சரிக்கை தேவை, ஆரவாரத்தைக் கூட்டுவதும் ஊளையைக் குறைப்பதும் அங்கே வழக்கம்தான். ஒலி கூட்டப்பட்டதா என்று கண்டுபிடிக்க, சத்தம் உச்சத்தில் இருக்கும்போது முன்வரிசை முகங்களைப் பாருங்கள். வாய் மூடியிருந்தால் அந்தச் சத்தத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

மூன்று முறை பாருங்கள்

முதல் முறை எல்லோரையும் போலவே, எதையும் குறிக்காமல் பாருங்கள். உங்களுக்கே யார்மீது கோபம் வந்தது என்பதை மட்டும் ஆட்டம் முடிந்ததும் ஒரு வரியில் எழுதி வையுங்கள்.

இரண்டாம் முறை ஒலியை அணைத்துவிடுங்கள். வர்ணனையாளர்தான் நம் கண்ணை இழுத்துப் போகிறவர். அவர் குரல் போனதும் உடல்கள் பேசுவது தெரியும்: யார் நடுவரைப் பார்க்கிறார், யார் கூட்டத்தைப் பார்க்கிறார், யார் அடிபட்ட காலை ஐந்து நிமிடம் கழித்தும் இழுத்து நடக்கிறார்.

மூன்றாம் முறை திரையைப் பார்க்காமல் கேளுங்கள். கையில் ஒரு தாள், அதில் மேலிருந்து கீழாக நான்கு பத்தி: நேரம், கூட்டத்தின் ஒலி, மேடையில் நடந்தது, நடுவர் எங்கே பார்த்தார். முதல் இரண்டை மட்டும் இப்போது நிரப்புங்கள். ஆரவாரம், ஊளை, கோஷம், மௌனம் என்று நான்கு வகை போதும். பிறகு வீடியோவை ஓட்டி அந்தந்த நிமிடத்தில் நடந்ததை எழுதுங்கள். பெரும்பாலானவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். காட்சியை முதலில் எழுதினால், அதற்கு இந்த ஒலிதான் வந்திருக்க வேண்டும் என்று மனம் தானே நிரப்பிக்கொள்ளும்.

பிரெட்–ஆஸ்டின் ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் இந்தத் தாள் என்ன காட்டும் என்று பாருங்கள். பிரெட் தன் பிடியான ஷார்ப்ஷூட்டரில் ஆஸ்டினின் கால்களை முறுக்கிப் பூட்டி உட்கார்ந்திருக்கிறார். கேமரா ஆஸ்டினின் முகத்துக்கு நெருங்குகிறது. நெற்றி ரத்தம் பற்களுக்கிடையே வழிகிறது. சிறப்பு நடுவர் கென் ஷாம்ராக் குனிந்து, தோல்வியை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்கிறார். ஆஸ்டின் கையை ஊன்றி எழப் பார்க்கிறார், பிடி ஒரு கணம் தளர்கிறது, கூட்டம் வெடிக்கிறது. பிடி மறுபடி இறுகுகிறது. அவர் ஒப்புக்கொள்ளாமலே நினைவிழக்கிறார். மணி அடித்த பிறகும் பிரெட் அவர் காலைத் தாக்க, ஷாம்ராக் அவரை இழுத்து வீசுகிறார், ஊளை எழுகிறது. உதவ வந்த ஒரு நடுவரையும் அடித்துப் போட்டுவிட்டு, ஆஸ்டின் நொண்டிக்கொண்டு தானாகவே நடந்து போகிறார். அவர் பெயர் அரங்கம் முழுக்கக் கோஷமாகிறது.

ஜெயித்தவருக்கு ஊளை, தோற்றவருக்குக் கோஷம். அந்த ஆண்டு அமெரிக்கக் கூட்டத்துக்கு விதிப்படி வாழ்ந்து மரியாதை கேட்கும் மனிதர் அலுத்துப்போயிருந்தார். யாருக்கும் பணியாத, உதவியைக்கூட மறுக்கும் மனிதர் தேவைப்பட்டார். அடுத்த சில ஆண்டுகளுக்கு அந்த நிறுவனத்தின் மையக் கதை, முதலாளியை எதிர்த்து அடிக்கும் தொழிலாளியாக ஆஸ்டின் என்பதுதான்.

நடுவர் எங்கே பார்க்கிறார்

நான்காவது பத்திதான் அதிக பலன் தரும். இருவர் இருவராக, கூட்டாளியின் கையைத் தொட்டு மாறி மாறி மோதும் டேக் ஆட்டத்தை எடுங்கள். ஹீல்கள் ஒரு பேபிஃபேஸைத் தங்கள் மூலையில் மடக்கி அடிக்கிறார்கள். அவருடைய கூட்டாளி கயிற்றுக்கு வெளியே பொறுக்க முடியாமல் உள்ளே பாய்கிறார். அது விதிமீறல் என்பதால் நடுவர் ஓடிவந்து அவரைத் தடுக்கிறார். தடுக்கும்போது அவர் முதுகு மறுபக்கம் திரும்பியிருக்கிறது, அங்கே ஹீல்கள் இருவரும் சேர்ந்து ஒருவரை மிதிக்கிறார்கள். நியாயம் கேட்டவரின் கோபமே அநியாயத்துக்குத் திரை ஆகிவிடுகிறது. ஆயிரக்கணக்கான பேர் பார்த்த ஒன்றை, பார்க்க வேண்டியவர் மட்டும் பார்க்கவில்லை.

பிறகு அடிபட்டவர் எப்படியோ ஊர்ந்து வந்து கூட்டாளியின் கையைத் தொடும் நொடி வரும். அதற்குப் பெயர் ஹாட் டேக். ஊர்ந்து வரும் நேரம் நீண்டிருந்தால் ஆரவாரம் பெரிதாக இருக்கும், அவசரப்படுத்தினால் சப்பென்று போகும். இடையில் ஒருமுறை கை தொட்டும் நடுவர் பார்க்காததால் செல்லாது என்றாகும். கூட்டத்தின் உச்சக் கோபம் அங்கேதான் இருக்கும்.

இந்தக் கட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கூட்டத்தின் கோபம் ஏமாற்றியவர்மீதா, பார்க்கத் தவறியவர்மீதா? அமெரிக்கப் பாணியில் நடுவர் பெரும்பாலும் நல்ல எண்ணம் கொண்டவர், ஆனால் ஏமாறுபவர். மெக்சிகோவின் மல்யுத்த வடிவமான லூச்சா லிப்ரேயில் கெட்டவர்கள் பக்கம் வெளிப்படையாகச் சாயும் நடுவர் பழகிய பாத்திரம். இரண்டையும் அருகருகே வைத்தால், அதிகாரத்தைப் பற்றி இரண்டு கூட்டங்களும் கொண்டிருக்கும் எண்ணம் தெரியும்.

அந்நியர் வில்லன்

வில்லனின் நாட்டை எழுதி, அருகே அந்த ஆண்டின் செய்தியை எழுதுங்கள். ஈரான் பணயக்கைதிகள் நெருக்கடி முடிந்து மூன்று ஆண்டுகூட ஆகாத நிலையில், 1983 டிசம்பரில் அயர்ன் ஷேக் என்ற ஹீல் டபிள்யூடபிள்யூஎஃப் பட்டம் வென்றார். 1984 ஜனவரி 23 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஹல்க் ஹோகன் அதைப் பறித்தார். ஷேக் நிஜமாகவே ஈரானியர், அமெரிக்க ஒலிம்பிக் மல்யுத்த அணிக்கே துணைப் பயிற்சியாளராக இருந்தவர். அவரோடு சேர்ந்து சோவியத் கீதம் பாடி ஊளை வாங்கிய நிக்கோலாய் வோல்காஃப் பிறந்தது யூகோஸ்லாவியாவில்.

எனவே பாத்திரத்தையும் நபரையும் தனித்தனியே எழுதுங்கள். அந்த இடைவெளியில்தான் விஷயம் இருக்கிறது. 1954 பிப்ரவரியில் டோக்கியோவில் ஜப்பானின் மல்யுத்த நாயகன் ரிக்கிடோசன், ஷார்ப் சகோதரர்களை வெட்டுக்கை அடியால் துவைத்தபோது, தெருவில் வைத்த தொலைக்காட்சிப் பெட்டிகள் முன் ஜப்பானியர் திரண்டு நின்றார்கள். போரில் தோற்ற நாடு பெரிய உடல் கொண்ட அமெரிக்கர்களை வீழ்த்துவதாக அது பார்க்கப்பட்டது. ஷார்ப் சகோதரர்கள் கனடாக்காரர்கள். ரிக்கிடோசன் கொரியாவில் பிறந்தவர்; அது அன்று மறைக்கப்பட்டது.

எல்லை எங்கே என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 2004-இல் வந்த முகமது ஹசன் என்ற அரபு-அமெரிக்கப் பாத்திரத்தை ஏற்றவர் இத்தாலிய வம்சாவளியினர். செப்டம்பர் 11-க்குப் பிறகு தன் மக்கள் நடத்தப்படும் விதத்தைப் பற்றி அவர் பேசியது நியாயமான புகார். அதற்கே ஊளை விழுந்தது. அவருக்காக முகமூடி ஆட்கள் ஒருவரைத் தாக்கும் காட்சி, 2005 ஜூலை 7 அன்று, லண்டன் குண்டுவெடிப்பு நடந்த அதே நாளில் அமெரிக்காவில் ஒளிபரப்பானது. தொலைக்காட்சி நிறுவனம் அந்தப் பாத்திரத்தையே அனுமதிக்க மறுத்தது.

ஒரே ஆள், இரண்டு ஊர்

ஒரே செயலுக்கு எதிரெதிர் ஒலி வரும் இரண்டு பதிவுகள் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். ரெஸில்மேனியா 13-க்கு மறுநாள் பிரெட் ஹார்ட் மைக் பிடித்து மற்ற நாட்டு ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டார், அமெரிக்க ரசிகர்களிடம் கேட்க மறுத்தார். அந்தப் பேச்சில் "நாம்", "நீங்கள்" வரும் இடங்களை மட்டும் எண்ணுங்கள். பிறகு 1997 ஜூலை 6 அன்று கனடாவின் கால்கரியில் நடந்த ஐவருக்கு ஐவர் ஆட்டத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் ஊளை வாங்கிய அதே பிரெட், அதே ஆணவத்தோடு, சொந்த ஊரில் நாயகன். ஆஸ்டினுக்கு அங்கே ஊளை. இரண்டு தாள்களையும் ஒப்பிட்டு, மேடையில் நடந்தது ஒன்றாகவும் ஒலி வேறாகவும் இருக்கும் வரிகளை அடிக்கோடிடுங்கள். குணத்தால் வந்த வெறுப்பு எவ்வளவு, எல்லைக்கோட்டால் வந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கலாம்.

உள்ளூர் அணியைத் திட்டி வாங்கும் ஊளையை இதோடு கலக்காதீர்கள். அது சுலபமான ஹீட், எந்த ஊரிலும் கிடைக்கும், எதையும் சொல்லாது.

மேடைக்கு வெளியே

இதே தாளைத் தொலைக்காட்சி விவாதத்துக்கும் தேர்தல் மேடைக்கும் இணையச் சண்டைக்கும் வைக்கலாம். நடுவர் யார், எந்தப் பக்கம் முதுகு காட்டுகிறார்? சண்டை இன்றே முடிந்தால் இரு தரப்புக்கும் நஷ்டமா? நிஜமான பம்ப் யார் எடுக்கிறார், அதாவது உடலாலோ பணத்தாலோ விலை கொடுப்பவர் யார்? இந்த மூன்றாவது கேள்விதான் நாடகத்தையும் நிஜத்தையும் பிரிக்க மிகவும் உதவும்.

இங்கே உவமை வெறும் உவமையாக நிற்பதில்லை. மல்யுத்த வீரர் ஜெஸ்ஸி வென்ச்சுரா 1998-இல் மின்னசோட்டா ஆளுநராகத் தேர்வானார். 2007-இல் ரெஸில்மேனியா 23-இல் தலைமுடியைப் பந்தயம் வைத்து, அந்த நிறுவனத்தின் முதலாளி வின்ஸ் மக்மேனோடு மோதும் கதையில் இருந்தவர் டொனால்ட் டிரம்ப்.

இரண்டு தவறுகள் இந்த இடத்தில் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, எல்லாமே வொர்க் என்று முடிவு கட்டுவது. 1997 நவம்பர் 9 அன்று மான்ட்ரியலில், தான் தோற்பதாக ஒப்புக்கொள்ளாத பிரெட் ஹார்ட்டை அவருக்கே சொல்லாமல் மணி அடிக்கவைத்து மக்மேன் தோற்கடித்தார். அது ஷூட். ஆனால் அந்த நிஜக் கோபத்திலிருந்தே சீக்கிரத்தில் கெட்ட முதலாளி என்ற பாத்திரம் உருவாகி விற்றது. ஒன்று நிஜமாகத் தொடங்கி நாடகமாகலாம். தேதி போட்டுக் குறித்தால்தான் அந்தத் திருப்பம் தெரியும். இரண்டாவது தவறு, வலியையும் நாடகமாக எண்ணுவது. 1999 மே 23 அன்று கான்சஸ் சிட்டியில் பிரெட்டின் தம்பியும் மல்யுத்த வீரருமான ஓவன் ஹார்ட் அரங்கின் மேலிருந்து மேடைக்கு இறங்கும்போது விழுந்து இறந்தார். இது நிகழ்ச்சியின் பகுதி அல்ல என்று வர்ணனையாளர் ஜிம் ராஸ் தொலைக்காட்சியில் சொல்ல வேண்டியிருந்தது. நிஜக் காயம் என்றால் நடுவர் இரு கைகளையும் தலைக்கு மேல் பெருக்கல் குறிபோல் குறுக்கே வைப்பார். அந்தச் சைகைக்குப் பிறகு வரும் ஒலியைத் தனித் தாளில் எழுதுங்கள்.

அடுத்த பயிற்சிக்கு லூச்சா லிப்ரேயை எடுப்பது நல்லது. நல்லவர் டெக்னிக்கோ, கெட்டவர் ரூடோ. ரூடோவுக்கென்றே உண்மையான ரசிகர்கள் உண்டு, எனவே ஊளையை வெறுப்பு என்று உடனே எழுதிவிடாதீர்கள். புகழ்பெற்ற முகமூடி வீரர் எல் சாண்டோவே நீண்ட காலம் ரூடோவாக ஆடியவர். மரபான ஆட்டத்தில் மூன்று சுற்றில் இரண்டை வெல்ல வேண்டும் என்பதால் ஆட்டத்துக்கு மூன்று தாள் வேண்டும். எதிராளியின் முகமூடியைப் பிடுங்கினால் தகுதியிழப்பு. முகமூடியைப் பந்தயம் வைத்த ஆட்டத்தில் தோற்றவர் அதைத் தானே கழற்ற வேண்டும். அதுபோன்ற ஒரு முகமூடியைப் போட்டுக்கொண்டு, 1985 நிலநடுக்கத்துக்குப் பிந்தைய மெக்சிகோ நகரத்தில் வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்காகச் சூப்பர்பாரியோ என்ற போராளி தெருவில் இறங்கினார். அந்தக் காட்சிக்கும் அதே நான்கு பத்தி போடுங்கள். நடுவர் இருக்கும் இடத்தில் அரசு அதிகாரியை எழுதுங்கள்.