குடும்பப் படங்களைப் பத்திரப்படுத்துவது எப்படி: தொடங்குவோருக்கான செய்முறை விளக்கம்

சில ஆண்டுகளுக்கு முன், ஒகேனக்கல்லில் பரிசலைவிட்டு இறங்கும்போது அம்மாவின் கைப்பேசி ஆற்றில் விழுந்துவிட்டது. அப்பாவின் மணிவிழாப் படங்கள் அதில்தான் இருந்தன. உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த நாற்பது படங்கள் மட்டும் திரும்பக் கிடைத்தன. அப்பா மறைந்தபின் அவற்றில் ஒன்றைப் பெரிதாக்கிச் சட்டமிட நினைத்தபோது, முகம் கலங்கலாகவே வந்தது. வாட்ஸ்அப் படங்களைச் சுருக்கி அனுப்புகிறது என்பதை நான் அறிந்துகொண்டது அன்றுதான். அதன்பிறகு தருமபுரியில் எங்கள் வீட்டுக்கும் ஓசூரில் தம்பி வீட்டுக்கும் சேர்த்து நாங்கள் அமைத்துக்கொண்ட முறையைக் கீழே விளக்குகிறேன்.

முதற்படி: அளவைக் கணக்கிடுங்கள்

எந்த முறையைத் தேர்வது என்பதை உங்களிடமுள்ள படங்களின் அளவே பெரும்பாலும் முடிவுசெய்யும். ஒவ்வொரு கைப்பேசியிலும் அமைப்புகளுக்குள் சென்று, சேமிப்பிடம் என்ற பகுதியில் படங்களும் காணொளிகளும் எத்தனை ஜிபி என்று பார்த்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு படம் சராசரியாக 4 எம்பி என்று கொண்டால், 10,000 படங்களுக்கு ஏறத்தாழ 40 ஜிபி வேண்டும். காணொளிகள் இதைவிட வேகமாக இடத்தை நிரப்பும். ஒரு நிமிடக் காணொளியே 100 எம்பியைத் தாண்டக்கூடும்.

இரண்டாம் படி: அசல் எங்கே என்று கண்டுபிடியுங்கள்

ஒரே படம் அண்ணன் கைப்பேசியில் அசலாகவும், மற்ற அனைவரிடமும் வாட்ஸ்அப் வழியாக வந்த சுருங்கிய வடிவிலும் இருக்கும். படத்தை எடுத்தவரிடம் உள்ளதையே சேமிக்க வேண்டும். அவர் வெளியூரில் இருந்தால், வாட்ஸ்அப்பிலேயே ‘டாகுமென்ட்’ என்ற வழியைத் தேர்ந்து அனுப்பச் சொல்லுங்கள். அப்போது படம் சுருங்காமல் வந்து சேரும்.

மூன்றாம் படி: வைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

தொடங்குவோர் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். எது சிறந்தது என்று கேட்பதைவிட, எந்த இழப்பிலிருந்து எது காக்கும் என்று கேட்டுப் பார்த்தால் விடை தெளிவாகும். கணினியோடு கம்பியால் இணைக்கும் ஹார்ட் டிஸ்க்கை ஒருமுறை வாங்கினால் போதும், மாதக் கட்டணம் இல்லை, இணையமும் வேண்டாம்; ஆனால் அதனுள் சுழலும் பாகங்கள் இருப்பதால் கீழே விழுந்தால் கெட்டுப்போகக்கூடும், வீட்டில் திருட்டோ தீயோ நேர்ந்தால் மற்றப் பொருட்களோடு அதுவும் போய்விடும். கூகுள் போட்டோஸ் போன்ற இணையச் சேமிப்பு அந்த ஆபத்துகளிலிருந்து காக்கும் என்றாலும், அங்கே நம்முடைய ஒரு தவறான தொடுதலே போதும்: அந்தச் செயலியில் ஒரு படத்தை அழித்தால் அது கைப்பேசியிலும் இணையத்திலும் சேர்ந்தே நீங்கும்; 60 நாட்கள் மட்டுமே குப்பைத்தொட்டியில் இருக்கும். பென்டிரைவை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் படங்களைக் கொண்டுசெல்ல மட்டும் பயன்படுத்துங்கள். ஆண்டுக்கணக்கில் பீரோவில் வைத்துவிட்டு அதை நம்பியிருக்க வேண்டாம்.

இலவச இடத்தைப் பற்றியும் ஒரு சொல். கூகுள் தரும் 15 ஜிபி படங்களுக்கு மட்டுமன்று, மின்னஞ்சலுக்கும், கோப்புகளை வைக்கும் கூகுள் டிரைவுக்கும் சேர்த்தே. அளவற்ற இலவசச் சேமிப்பு 2021 ஜூன் 1 முதல் நின்றுவிட்டது. ஆப்பிளின் ஐகிளவுட் இலவசமாகத் தருவது 5 ஜிபிதான். ஆகவே 40 ஜிபி உள்ள குடும்பம் ஒன்று கட்டணம் செலுத்த வேண்டும் அல்லது முதன்மைச் சேமிப்பாக ஹார்ட் டிஸ்க்கைக் கொள்ள வேண்டும்.

படங்களுக்கு மூன்று பிரதிகள், அவை இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வெளியிடத்தில் என்பது இத்துறையினர் நெடுங்காலமாகச் சொல்லிவரும் 3-2-1 முறை. நாங்கள் தலா 1 டிபி (ஏறத்தாழ 1,000 ஜிபி) அளவுள்ள இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள் வாங்கினோம். ஒன்று தருமபுரியில், மற்றொன்று ஓசூரில். இணையத்தில் மணிவிழா, திருமணம், குழந்தைகளின் முதல் ஆண்டு என மீண்டும் எடுக்கவே முடியாதவற்றை மட்டும் வைத்திருக்கிறோம். அதற்கு 15 ஜிபியே போதுமாக இருக்கிறது. பணம் ஒரு டிஸ்க்குக்குத்தான் உண்டு என்றால், முதலில் அதை வாங்கிவிட்டு, இப்படித் தேர்ந்தெடுத்த படங்களை இணையத்தில் ஏற்றுவதே என் பரிந்துரை.

நான்காம் படி: நகலெடுங்கள்

ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் கணினியோடு இணைத்து, கோப்புப் பரிமாற்றம் என்பதைத் தேர்ந்தால் டிசிஐஎம் (DCIM) என்ற போல்டர் தெரியும். கேமரா படங்கள் அதில்தான் இருக்கும். அதை டிஸ்க்கில் ‘காப்பி’ செய்யுங்கள். ‘கட்’ ஒருபோதும் வேண்டாம், ஏனெனில் நடுவில் மின்சாரம் போனாலும் கம்பி அசைந்தாலும் அசலுக்கே சேதம் நேரலாம். போல்டர்களுக்கு ‘2024-08 ஆடிப்பெருக்கு’ என்பதுபோல ஆண்டையும் மாதத்தையும் முதலில் வைத்துப் பெயரிட்டால், அவை தாமாகவே கால வரிசையில் நிற்கும்.

இணையத்தில் ஏற்றுவோர், பதிவேற்ற வேகம் 10 எம்பிபிஎஸ் (நொடிக்கு 10 மெகாபிட்; 8 மெகாபிட் சேர்ந்தால்தான் 1 எம்பி) என்றால் 40 ஜிபிக்கு ஒன்பது மணி நேரம் ஆகும் என்று கணக்கில்கொண்டு இரவில் வைஃபையில் விடுங்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் கூகுள் போட்டோஸ் கேமரா படங்களை மட்டுமே தானாக ஏற்றும். வாட்ஸ்அப் போன்ற மற்றப் போல்டர்களை நீங்கள்தான் தனியே இயக்கிவிட வேண்டும். இதை அறியாமல் எல்லாம் ஏறிவிட்டதாக நம்பியிருப்போர் பலர்.

ஐந்தாம் படி: சரிபார்த்துவிட்டு, ஊர் மாற்றுங்கள்

கைப்பேசியின் போல்டரிலும் டிஸ்க்கிலும் கோப்புகளின் எண்ணிக்கை ஒன்றாக உள்ளதா என்று பாருங்கள். பிறகு வேறொரு கணினியில் டிஸ்க்கை இணைத்து, பழையதும் புதியதுமாகப் பத்துப் படங்களையும் இரண்டு காணொளிகளையும் முழுதாகத் திறந்து பாருங்கள். திறக்காத பிரதி இருந்தும் பயனில்லை. வேலை முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். இடி மின்னலின்போது கணினியோடு சேர்ந்து அதுவும் பழுதாகாமல் இருக்கும்.

தம்பி பொங்கலுக்கும் ஆடிப் பதினெட்டுக்கும் ஓசூர் டிஸ்க்கோடு தவறாமல் வருவான். அந்த இரண்டு நாட்களிலும் புதிய படங்களை இரு டிஸ்க்குகளிலும் சேர்க்கிறோம். ஆனால் திரும்பும்போது ஒன்றை மட்டுமே அவன் எடுத்துச்செல்வான்; இரண்டையும் ஒரே பையில் ஒருபோதும் வைப்பதில்லை.

கடைசியாக, இணையக் கணக்கு யார் பெயரில் உள்ளதோ அவருக்குப்பின் அதைத் திறக்கக்கூடியவர் வீட்டில் இருக்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத கணக்கைக் கூகுள் அழித்துவிடக்கூடும். கூகுள் கணக்கின் அமைப்புகளில், செயல்படாத கணக்குக்கான நிர்வாகி என்ற பகுதி உண்டு. கணக்கு சில மாதங்கள் அசைவின்றி இருந்தால் யாருக்குத் தகவலும் படங்களும் போக வேண்டும் என்று அதில் குறிப்பிடலாம். எங்கள் வீட்டில் அம்மாவின் கணக்கில் என் பெயரையும், என் கணக்கில் தம்பியின் பெயரையும் அதில் பதிந்திருக்கிறோம்.