சீனப் பயணம்: விமானம் ஏறும் முன்பே செய்துவிடும் தவறுகள்

சீனாவில் போய் முழிப்பவர்களில் பலர், தப்பை வீட்டில் பெட்டி கட்டும்போதே செய்து முடித்திருப்பார்கள். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்புதான் காரணம்.

கூகுள், ஜிமெயில், வாட்ஸ்அப் எதுவும் அங்கே ஓடாது. ஹோட்டல் வைஃபையில் உட்கார்ந்து 'வந்து சேர்ந்தாச்சு' என்று வீட்டுக்கு ஒரு மெசேஜ் தட்டக்கூட முடியாது. நம்மூர் சிம்மில் ரோமிங் போட்டுக்கொண்டால் பெரும்பாலும் பிழைத்தீர்கள்; டேட்டா நம்மூர் நெட்வொர்க் வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். வழி பார்க்க மட்டும் கூகுள் மேப்ஸ் வேண்டாம். சீன வரைபடங்களின் கணக்கே வேறு என்பதால் சில நூறு மீட்டர் தள்ளிக் காட்டும். அங்கே எல்லோரும் பார்ப்பது ஆமேப் (Amap) என்ற சீன மேப் ஆப்.

பணமும் அப்படித்தான். தள்ளுவண்டிக்காரர்கூட கியூஆர் அட்டையைத்தான் நீட்டுவார். அலிபே (Alipay) என்ற பணம் கட்டும் ஆப்பில் உங்கள் விசா கார்டு அல்லது மாஸ்டர்கார்டை ஊரிலேயே இணைத்துவிடுங்கள். வங்கியின் ஓடிபி வரும் சிம்மைக் கழற்றி வைத்துவிட்டு அங்கே போய் இணைக்கப் பார்த்தால் கதை கந்தல். ஒரே தடவையில் 200 யுவானைத் தாண்டினால் 3 சதவீதம் கட்டணம் பிடிப்பார்கள்.

டாக்ஸியில் ஏறி 'பெய்ஜிங் ஸ்டேஷன்' என்று மட்டும் சொல்வது அடுத்த வம்பு. பெய்ஜிங்கில் பெரிய நிலையங்களே பல. ஷாங்காய் அதிவேக ரயில்கள் பெரும்பாலும் தெற்கு நிலையத்திலிருந்து, சியான் ரயில்கள் மேற்கிலிருந்து. சீனத்தில் 'நான்' என்றால் தெற்கு, 'ஷீ' என்றால் மேற்கு. நமக்கு 'நான்' மறக்காது! பாஸ்போர்ட்தான் டிக்கெட், அதைப் பெட்டிக்கு அடியில் புதைக்காதீர்கள். ரயில் கிளம்பச் சில நிமிடம் முன்பே கேட்டை மூடிவிடுவார்கள். அக்டோபர் முதல் வாரம் தேசிய விடுமுறை. அப்போது போகாமலிருப்பதே உத்தமம்.

பெய்ஜிங்கில் பழைய பேரரசர்கள் இருந்த அரண்மனை நகருக்கு (Forbidden City) டிக்கெட் 7 நாள் முன்பாக ஆன்லைனில் திறக்கும். திங்கட்கிழமை பொதுவாக விடுமுறை. வடக்கு வாசலில் போய் நிற்காதீர்கள், அது வெளியே வரும் வழி. உள்ளே விடுவது தெற்கில்.

சைவக்காரர்கள் செய்யும் தப்பு தனி ரகம். 'ரோ வேண்டாம்', அதாவது கறி வேண்டாம் என்று சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடுவார்கள். வெறுமனே 'ரோ' என்றால் அங்கே பன்றிக்கறிதான். கோழி வந்தாலும் வரலாம். பீன்ஸ் பொரியல் மாதிரி ஒன்று வரும், பச்சைப்பசேலென்று. கிளறிப் பார்த்தால் அடியில் கொத்துக்கறி. மாப்போ டோஃபு என்ற காரமான சோயா பனீர் குழம்பிலும் இதே கதை. 'வோ ச்சீ சூ', நான் சைவம் என்று சொல்லுங்கள். உச்சரிப்பை நம்பாமல் சீன எழுத்தில் போனில் வைத்துக் காட்டுங்கள். முட்டை, மீன் சாஸ், பன்றிக்கொழுப்பு வேண்டாம் என்பதையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள். பௌத்தக் கோயில்களை ஒட்டிய சைவ உணவகம் கண்ணில் பட்டால் விடாதீர்கள். மெனுவில் வாத்து என்று போட்டிருப்பதுகூட அங்கே சோயாதான். அநேகமாக வெங்காயம், பூண்டுகூட இருக்காது.