எனக்கு ஒன்று ஆகிவிட்டால் என் வீட்டுக்காரருக்குக் கஞ்சி கொடுப்பது யார்?

போன ஆனியில், நல்ல சாரல். மாத்திரை வாங்கக் கேரள எல்லையில் இருக்கும் எங்கள் புளியரையிலிருந்து செங்கோட்டைக்குப் போனவள் பஸ் ஸ்டாண்டிலேயே மயங்கி விழுந்துவிட்டேன். அவருக்கு எல்லாம் செய்துவிட்டு நான் சாப்பிடாமல் கிளம்பியிருந்தேன். யாரோ ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். போனைத் திறக்க யாருக்கும் தெரியவில்லை, வீட்டுச் சாவி என் பர்ஸில். வீட்டிலோ, வாதத்தில் வலது கை கால் விழுந்து, பேச்சும் போன என் வீட்டுக்காரர். இடது கையால் டம்ளரைக் கட்டில் கம்பியில் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். மூன்று மணி நேரம் கழித்துத்தான் பக்கத்து வீட்டு மதினி காதில் விழுந்தது.

அதுவரை அவசரம் என்றால் அது அவருக்கு வருவது என்றே நினைத்திருந்தேன். நீங்களும் வீட்டில் ஒருவரைத் தனியாகப் பார்த்துக்கொள்பவர் என்றால், முதலில் உங்கள் பர்ஸில் ஒரு சீட்டு வையுங்கள். என்னுடையதில் இருப்பது இது: ‘என் வீட்டில் எழுந்து நடக்க முடியாத ஒருவர் தனியாக இருக்கிறார். உடனே இந்த எண்களுக்குச் சொல்லுங்கள்.’ கீழே இரண்டு எண்கள். அடுத்த பக்கம் அதையே மகள் மலையாளத்தில் எழுதித் தந்தாள். போன் செட்டிங்ஸில் அவசரத் தகவல் என்று ஓர் இடம் உண்டு. அங்கே எழுதினால் பூட்டிய போனிலும் பார்க்கலாம். மாற்றுச் சாவி இப்போது மதினி வீட்டு அரிசிப் பானைக்குப் பின்னால்.

அப்புறம், ஆள். ‘சொந்தபந்தம் இருக்கு, வருவாங்க’ என்பது கணக்கில் சேராது. முதல் ஒரு மணி நேரம் யார், அன்று ராத்திரி யார், மறுநாள் யார் என்று கேட்டு, அவர்கள் வாயால் சரி சொன்ன பிறகு எழுதுங்கள். 1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர், எங்களுக்குப் பாதிச் சொந்தம் மலைக்கு அந்தப் பக்கம்தான். மகள் புனலூரில். ஆனால் மழையில் ஆரியங்காவுப் பாதையில் மண் சரிந்தால் அவளால் வர முடியாது. அதனால் முதலில் மதினி, ராத்திரிக்குத் தென்காசிக் கொழுந்தன், மறுநாள்தான் மகள்.

இனி, வருகிறவர்கள் பார்த்துச் செய்ய ஒரு நோட்டு. இதற்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரைப் பெயரை நான் எழுதவில்லை. காலி அட்டையைப் பெயர் தெரிகிற மாதிரி வெட்டி ஒட்டி, பக்கத்தில் வேளையை எழுதினேன். டிஸ்சார்ஜ் சம்மரி நகலும் அதிலேயே. தண்ணீர் அவருக்குப் புரையேறும். நிமிர்த்தி உட்கார வைத்து ஸ்பூனால்தான் கொடுக்க வேண்டும், சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க வைக்கக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் புண் வந்துவிடும். சாப்பாடு இறங்காத நாளில் டாக்டரைக் கேட்காமல் இன்சுலின் போடக் கூடாது. புதிதாக வாய் கோணினாலோ நல்ல கை தொங்கினாலோ, கடைசியாக எத்தனை மணிக்குச் சரியாக இருந்தார் என்று குறித்துக்கொண்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூளை ரத்தக் குழாய் அடைப்பைக் கரைக்கிற ஊசிக்கு அந்த மணியிலிருந்து நாலரை மணி நேரம்தான் கெடு.

108-ஐப் பற்றி ஒன்று. ஒரு தரம் இங்கிருந்து கூப்பிட்டபோது மலையாளத்தில் பேசினார்கள். போன் அந்தப் பக்கத்து டவரைப் பிடித்திருந்தது. எல்லையில் இருப்பவர்கள் எடுத்ததுமே ‘தமிழ்நாடு, தென்காசி மாவட்டம்’ என்று சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள். அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெயர் பதியாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். படுக்கையில் இருப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள்.

எல்லாம் எழுதியாயிற்று என்று இருந்துவிடாமல் ஒரு நாள் ஒத்திகை பாருங்கள். நான் காலையில் நோட்டை மதினி கையில் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன். திரும்பி வந்தால் வீட்டுக்காரர் முகம் கடுகடு என்றிருக்கிறது. ‘இன்னும் கொஞ்சம் கஞ்சியான்னு கேட்டேன், சரி சரின்னார், ஊட்டினா துப்புறார்’ என்றார் மதினி. வாதம் வந்த பிறகு அவர் வாயில் மிஞ்சிய ஒரே வார்த்தை ‘சரி’. எதற்கும் அதுதான். இடது கையை மூடினால் வேண்டாம் என்று அர்த்தம். எனக்குப் பழகிப் போனதால் எழுதவே தோன்றவில்லை. இப்போது நோட்டின் முதல் பக்கத்தில், சிவப்பு மையில் அதுதான் இருக்கிறது.